பவுண்டேஷன் படிப்புக்குக் காசு கட்டுவதற்கு முன்: திருகோணமலைப் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும்

பிள்ளையை அவுஸ்திரேலியாவுக்கோ லண்டனுக்கோ படிக்க அனுப்ப நினைக்கிற திருமலைப் பெற்றோர் பெரும்பாலும் கேட்பது "எந்த பாத்வே கொலிஜ் நல்லது?" என்றுதான். அதற்கு முன்னால் இன்னொரு கேள்வி இருக்கிறது. இந்தப் பிள்ளைக்கு பாத்வே, அதாவது பல்கலைக்கழகத்துக்குள் போக வழியாகப் படிக்கிற பவுண்டேஷன் மாதிரியான படிப்பு, உண்மையிலேயே தேவையா? அதைக் கேட்காமலே ஒரு வருடப் படிப்புக் காசையும் ஒரு வருட வாழ்க்கைச் செலவையும் கட்டிவிட்டு, பிறகு "நேராகவே கம்பஸ் போயிருக்கலாமாம்" என்று வருத்தப்படுகிற குடும்பங்கள் உண்டு. காணி விற்ற காசும் நகை வைத்த காசும் போகிற விஷயம் இது, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுமையாக வாசியுங்கள்.

முதலில் இது என்ன படிப்பு என்று பார்த்துவிடுவோம். பவுண்டேஷன் என்பது பள்ளிக்கூடத்துக்கும் பல்கலைக்கழகத்துக்கும் நடுவில் இருக்கிற, ஏறக்குறைய ஒரு வருடப் படிப்பு. அதை முடித்தால் பட்டப்படிப்பின் முதலாம் வருடத்துக்குப் போகலாம். டிப்ளோமா என்றோ இன்டர்நேஷனல் இயர் வன் என்றோ சொல்வது அதற்கு அடுத்த படி, அதுவே முதலாம் வருடத்துக்குச் சமம், முடித்தால் நேரே இரண்டாம் வருடம். பட்டம் முடித்தவர்களுக்கு ப்ரீ மாஸ்டர்ஸ் என்று ஒன்று இருக்கிறது, அதை இங்கே விட்டுவிடுகிறேன். மோனாஷ் பல்கலைக்கழகத்துக்கு மோனாஷ் கொலிஜ், மெல்பேர்ண் பல்கலைக்கழகத்துக்கு டிரினிட்டி கொலிஜின் பவுண்டேஷன், டீக்கினுக்கு டீக்கின் கொலிஜ், கிளாஸ்கோவுக்கு கிளாஸ்கோ இன்டர்நேஷனல் கொலிஜ், கனடாவில் சைமன் ஃபிரேசருக்கு ஃபிரேசர் இன்டர்நேஷனல் கொலிஜ் என்று ஒவ்வொன்றும் ஒரு பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. இவற்றில் பலவற்றை நடத்துவது நவிடாஸ், கப்லான், ஸ்டடி குரூப், இன்டோ மாதிரியான தனியார் கம்பனிகள். வகுப்பு பல்கலைக்கழக வளாகத்துக்குள்ளேயே நடக்கலாம், நூலகத்தைப் பாவிக்கவும் விடலாம், ஆனாலும் அந்த வருடம் பிள்ளை கொலிஜின் மாணவர்தான். நிபந்தனைப் புள்ளிகளை எடுத்து முடித்த பிறகுதான் பல்கலைக்கழகத்துக்குள் போகலாம். ஊரில் "மோனாஷ் கிடைத்துவிட்டது" என்று சொல்லும்போது எது கிடைத்தது என்று வீட்டிலாவது தெளிவாக இருக்க வேண்டும்.

தேவையா, இல்லையா

இலங்கை ஏ.எல். பெறுபேற்றைப் பிரித்தானியாவிலும் அவுஸ்திரேலியாவிலும் பல பல்கலைக்கழகங்கள் முதலாம் வருட நேரடி அனுமதிக்கே ஏற்றுக்கொள்கின்றன. தமிழ் மொழிமூலம் எழுதினாலும் அது அதே ஏ.எல். தான், ஆங்கிலத் தகுதியைத் தனியாகக் காட்ட வேண்டும், அவ்வளவுதான். ஆகவே செய்ய வேண்டிய முதல் வேலை, விரும்புகிற பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில் சர்வதேச மாணவர்களுக்கான பகுதிக்குப் போய், நாடுகளின் பட்டியலில் இலங்கையைத் தேடி, அங்கே என்ன பெறுபேறு கேட்டிருக்கிறார்கள் என்று பார்ப்பது. ஒரு பல்கலைக்கழகத்தோடு நிறுத்தாதீர்கள், நாலைந்து பாருங்கள். பெரிய பெயர் உள்ள இடம் மூன்று பி கேட்கும், அதே நாட்டில் தரமான இன்னொரு இடம் மூன்று சி போதும் என்று சொல்லும். முதலாவதுக்கு ஒரு வருடம் கூடப் படித்துப் போவதா, இரண்டாவதுக்கு இப்போதே போவதா என்பதை அப்போதுதான் கணக்குப் பார்த்துத் தீர்மானிக்கலாம்.

பாத்வே உண்மையிலேயே பயன்படுகிற பிள்ளைகள் சிலர் இருக்கிறார்கள். ஓ.எல். முடித்துவிட்டு ஏ.எல். படிக்க விரும்பாதவர்கள், கலைப்பிரிவில் படித்துவிட்டு ஐ.டி. பக்கம் போக ஆசைப்படுகிறவர்கள், ஒரு பாடத்தில் சறுக்கி நேரடி அனுமதிக்குச் சற்றுக் கீழே நிற்கிறவர்கள். ஆங்கிலம் மட்டும்தான் குறை என்றால் முழு பவுண்டேஷன் வேண்டியதில்லை. பட்டப்படிப்புக்கு முன் சில வாரங்கள் மட்டும் நடக்கிற ஆங்கில வகுப்பைப் பல்கலைக்கழகங்களே வைத்திருக்கின்றன, காசும் காலமும் மிச்சம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இசட் புள்ளி வெளிவந்து, இங்கே மொறட்டுவையிலோ பேராதனையிலோ பிள்ளை விரும்பிய துறைக்கே இடம் கிடைத்தால், அதை விட்டுவிட்டு பவுண்டேஷனுக்குப் போவதை நான் ஆதரிக்கமாட்டேன். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அனுமதிக்காகக் காத்திருக்கிற மாதங்கள் நீளம்தான், பிள்ளை வீட்டில் சும்மா இருப்பதைப் பார்க்கப் பெற்றோருக்கு மனம் பதறும். அந்தப் பதற்றத்தில்தான் பல அவசர முடிவுகள் எடுக்கப்படுகின்றன. மருத்துவம் படித்துவிட்டு இலங்கைக்குத் திரும்பி வேலை செய்யும் எண்ணம் இருந்தால், இலங்கை மருத்துவ சபையின் விதிகளை முதல் நாளே வாசியுங்கள். வெளிநாட்டில் படிப்பவருக்கும் ஏ.எல். பெறுபேறு பற்றிய நிபந்தனை அங்கே இருக்கிறது, பவுண்டேஷன் அதற்கு ஈடாகாது.

நடுவழி ஒன்றும் உண்டு. பவுண்டேஷனைக் கொழும்பிலேயே முடித்துவிட்டு அப்புறம் போவது. யுனிவர்சல் கொலிஜ் லங்கா மோனாஷ் கொலிஜின் படிப்புகளைக் கொழும்பில் நடத்துகிறது; எடித் கோவன் பல்கலைக்கழகம் 2023 முதல் இலங்கையில் ஒரு வளாகம் வைத்திருக்கிறது. வெள்ளவத்தைப் பக்கம் சொந்தக்காரர் வீடு இருந்தால் ஒரு வருட வெளிநாட்டு வாடகையும் சாப்பாடும் அப்படியே மிச்சம். பதினேழு பதினெட்டு வயதில் முதல் தடவை வீட்டை விட்டுப் போகிற பிள்ளைக்கு, வார இறுதியில் இரவு பஸ் ஏறினால் காலையில் திருமலை என்கிற தூரம் எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதையும் யோசியுங்கள்.

ஒஃபர் லெட்டரை எப்படி வாசிப்பது

இதுதான் இந்த முழு விஷயத்திலும் முக்கியமான இடம். ஒஃபர் லெட்டர், அதாவது கொலிஜ் அனுப்புகிற அனுமதிக் கடிதம், வந்ததும் எல்லோரும் பார்ப்பது கட்டணத் தொகையையும் கடைசித் திகதியையும்தான். மேசையில் வைத்து, ஒரு பென்சிலை எடுத்துக்கொண்டு, வேறு சில வரிகளைத் தேடிக் கோடு போடுங்கள்.

முதலில், பவுண்டேஷனுக்குப் பிறகு போகப்போகிற பட்டப்படிப்பின் பெயர் எழுதியிருக்கிறதா? "இந்தப் பல்கலைக்கழகத்துக்குப் போகலாம்" என்று பொதுவாக எழுதியிருப்பதற்கும், "கணினி விஞ்ஞான இளமாணிப் பட்டத்தின் முதலாம் வருடம்" என்று எழுதியிருப்பதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். அவுஸ்திரேலியா என்றால் கிரைகோஸ் என்கிற அரசாங்கப் பதிவேட்டின் இலக்கம் பவுண்டேஷனுக்கு ஒன்றும் பட்டப்படிப்புக்கு இன்னொன்றும் இருக்க வேண்டும். அந்த இலக்கத்தைப் பதிவேட்டின் இணையதளத்தில் அடித்துப் பாருங்கள், இரண்டு நிமிட வேலை.

அடுத்தது புள்ளி. அனுமதி "உத்தரவாதம்" என்று விளம்பரத்தில் பெரிதாகப் போட்டிருப்பார்கள், அது குறிப்பிட்ட புள்ளியை எடுத்தால் மட்டும்தான். மொத்தச் சராசரி 65, கணிதத்தில் 70, ஆங்கிலத்தில் 60 என்று மூன்று தனித்தனி நிபந்தனைகள் இருக்கலாம், அதில் இரண்டை எடுத்து ஒன்றை விட்டாலும் கதவு திறக்காது. மருத்துவம், பல் மருத்துவம் மாதிரியான படிப்புகள் பெரும்பாலும் இந்த உத்தரவாதத்துக்கு வெளியே. எழுத்தில் தெளிவாக இல்லை என்றால் மின்னஞ்சலில் கேளுங்கள், தொலைபேசியில் கேட்ட பதிலை நம்பிக் காசு கட்டாதீர்கள். ஒரு பாடத்தில் தவறினால் திரும்ப எழுத விடுவார்களா, அதற்குக் கட்டணம் எவ்வளவு என்பதையும் அதே மின்னஞ்சலில் கேட்டுவிடுங்கள்.

மூன்றாவது, காசு திரும்பக் கிடைக்கும் விதி. விசா மறுக்கப்பட்டால் எவ்வளவு கழித்துக்கொண்டு தருவார்கள், பிள்ளை தானாகவே விலகினால் எவ்வளவு, எந்தத் திகதிக்குப் பிறகு ஒன்றும் கிடைக்காது என்று தனித்தனியாக எழுதியிருக்கும். அவுஸ்திரேலியாவில் கொலிஜே மூடப்பட்டால் மாணவரைப் பாதுகாக்க டியூஷன் புரொடெக்‌ஷன் சேர்விஸ் என்று அரசாங்க ஏற்பாடு ஒன்று இருக்கிறது, அது நல்ல விஷயம். ஆனால் பிள்ளை மனம் மாறி வந்துவிட்டால் அது உதவாது.

கொலிஜ் மாறுவது பற்றியும் தெரிந்துகொண்டு கையெழுத்து வையுங்கள். அவுஸ்திரேலியாவில் பவுண்டேஷனையும் பட்டப்படிப்பையும் ஒரே பொதியாகச் சேர்த்து ஒரே விசாவில் போகலாம், வசதிதான். ஆனால் பிரதான படிப்பில், அதாவது கடைசியாக வருகிற பட்டப்படிப்பில், ஆறு மாதம் முடியும் வரை வேறு நிறுவனத்துக்கு மாறுவது கடினம். "முதலில் போய் இறங்குவோம், அங்கே போய் மலிவான இடத்துக்கு மாறலாம்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பிரித்தானியாவில் பெரும்பாலும் நேர்மாறாக, பவுண்டேஷனுக்கு ஒரு விசா, அது முடிந்து பட்டப்படிப்புக்கு இன்னொரு விசா, இரண்டு தடவையும் கட்டணம், இரண்டு தடவையும் சுகாதாரக் கட்டணம். முதல் வருடக் கணக்கிலேயே இதையும் சேர்த்துப் போடுங்கள்.

காசைக் காட்டுவது

அவுஸ்திரேலிய மாணவர் விசாவின் விண்ணப்பக் கட்டணம் 2025 ஜூலையிலிருந்து 2,000 அவுஸ்திரேலிய டொலர். மறுத்தாலும் திரும்ப வராது. படிப்புக் கட்டணமும் பயணச் செலவும் தவிர, ஒரு வருட வாழ்க்கைச் செலவுக்கு 29,710 அவுஸ்திரேலிய டொலர் காட்ட வேண்டும். கனடாவில் 2025 செப்டெம்பரிலிருந்து தனி ஆளுக்கு 22,895 கனடிய டொலர், அதோடு பெரும்பாலான மாணவர்களுக்கு மாகாணத்தின் அத்தாட்சிக் கடிதமும் தேவை. பிரித்தானியாவில் லண்டனுக்கு வெளியே மாதம் 1,171 பவுண், லண்டனுக்குள் 1,529 பவுண், அதிகபட்சம் ஒன்பது மாதத்துக்கு. இந்தத் தொகைகள் அடிக்கடி ஏறும், ஆகவே விண்ணப்பிக்கிற வாரத்தில் அந்தந்த அரசாங்கத் தளத்தில் திரும்பவும் பாருங்கள்.

லண்டனில் மாமா இருக்கிறார், கணக்கைக் காட்டுவார் என்று நம்பி இருக்கிற வீடுகளுக்கு ஒரு முக்கிய செய்தி. பிரித்தானிய மாணவர் விசாவுக்கு மாமாவின் வங்கிக் கணக்கு செல்லாது. காசு மாணவரின் பெயரிலோ தாய் தகப்பன் பெயரிலோ அல்லது சட்டபூர்வமான பாதுகாவலர் பெயரிலோ இருக்க வேண்டும், தொடர்ந்து 28 நாட்கள் அந்தத் தொகைக்கு ஒரு ரூபாயும் கீழே இறங்காமல் இருக்க வேண்டும், பெற்றோர் கணக்கு என்றால் பிறப்புச் சான்றிதழும் சம்மதக் கடிதமும் வேண்டும். மாமா உதவுவதென்றால் முன்கூட்டியே பெற்றோரின் கணக்குக்கு அனுப்பிவிடுவதுதான் வழி. இருபத்தைந்தாம் நாள் வீட்டில் ஏதோ அவசரம் என்று கொஞ்சம் எடுத்தால் நாள் கணக்கு திரும்ப ஒன்றிலிருந்து தொடங்கும்.

எந்த நாடாக இருந்தாலும் திடீரென்று கணக்கில் வந்து விழுந்த பெரிய தொகைக்கு விளக்கம் தேவை. நிலாவெளியில் காணி விற்றது என்றால் நொத்தாரிசு எழுதிய உறுதியின் பிரதி, தகப்பனின் ஊழியர் சேமலாப நிதி என்றால் அந்தக் கடிதம், வங்கிக் கடன் என்றால் கடன் அனுமதிக் கடிதம். சீட்டுக் காசு, வயல் காசு, மீன் வியாபாரக் காசு எல்லாம் நேர்மையான காசுதான், ஆனால் அதற்குத் தாள் இருப்பதில்லை. இன்னும் ஒரு வருடம் இருக்கிறது என்றால் இன்றிலிருந்தே அந்த வரவுகளை வங்கியில் போட்டு எடுங்கள்.

கட்டணத்தை எப்போதும் வங்கி மூலமாக, ஒஃபர் லெட்டரைக் காட்டி, கொலிஜின் கணக்குக்கே அனுப்புங்கள். ஏஜென்ட்டின் சொந்தக் கணக்குக்கு ஒரு சதமும் வேண்டாம்.

"போனதும் வேலை செய்து கட்டலாம்" என்கிற கணக்கும் ஆபத்தானது. பிரித்தானியாவில் பட்டப்படிப்பு மட்டத்துக்குக் கீழே உள்ள படிப்பு என்றால் தவணைக் காலத்தில் வாரத்துக்கு 10 மணித்தியாலம் மட்டும்தான், 20 இல்லை. அவுஸ்திரேலியாவில் இரண்டு வாரத்துக்கு 48 மணித்தியாலம். கனடாவில் ஆங்கில வகுப்பு அல்லது ஆயத்தப் படிப்பு மட்டும் படிக்கிற காலத்தில் வேலை செய்ய அனுமதியே இல்லை. அந்தச் சம்பளம் கைச்செலவுக்கு உதவும், படிப்புக் கட்டணத்துக்கு எட்டாது.

ஏஜென்சி, ஆவணங்கள்

நல்ல ஏஜென்சிகள் இருக்கின்றன, அவர்களின் உதவி பெரியது. ஆனால் அவர்களுக்குப் பணம் கொடுப்பது பெரும்பாலும் கொலிஜ்தான், ஒவ்வொரு மாணவருக்கும் கமிஷன். அது குற்றமில்லை, ஆனால் நேரடி அனுமதி கிடைக்கக்கூடிய பிள்ளையைக் கூட பாத்வே பக்கம் தள்ள அது காரணமாகலாம் என்பதை மனதில் வையுங்கள். அவர்கள் உண்மையில் அந்தக் கொலிஜின் பிரதிநிதிதானா என்று கொலிஜின் இணையதளத்தில் இருக்கும் பட்டியலில் பாருங்கள், இல்லாவிட்டால் கொலிஜுக்கே ஒரு மின்னஞ்சல் போடுங்கள். விண்ணப்பத்துக்குக் கொடுக்கிற மின்னஞ்சல் முகவரியும் கடவுச்சொல்லும் பிள்ளையின் கையில் இருக்க வேண்டும்.

பொய் வங்கிக் கடிதமோ பொய்ச் சான்றிதழோ செய்து தரலாம் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். கண்டுபிடித்தால் அவுஸ்திரேலியா மூன்று வருடமும் கனடா ஐந்து வருடமும் பிரித்தானியா பத்து வருடமும் தடை போடலாம். செய்து கொடுத்தவர் தப்பிவிடலாம், தடை விழுவது பதினெட்டு வயதுப் பிள்ளையின் பெயரில்.

ஆவணங்களில் எங்கள் பிள்ளைகளுக்கு வருகிற பெரிய தலையிடி பெயர். பிறப்புச் சான்றிதழில் தகப்பன் பெயர் ஒரு மாதிரி, கடவுச்சீட்டில் ஒரு எழுத்துக் கூட, ஏ.எல். சான்றிதழில் முதலெழுத்து மட்டும். எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஆங்கில எழுத்துக்களை ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். வித்தியாசம் இருந்தால் இரண்டும் ஒரே ஆள்தான் என்று சமாதான நீதவான் முன்னிலையில் ஒரு சத்தியக்கடதாசி முடித்து வைத்துக்கொள்ளுங்கள், கடவுச்சீட்டு இன்னும் எடுக்கவில்லை என்றால் சான்றிதழில் இருப்பதுபோலவே எடுங்கள். கடவுச்சீட்டுக்குக் கொழும்புக்கே போக வேண்டியதில்லை, வவுனியாவில் பிராந்திய அலுவலகம் இருக்கிறது. ஏ.எல். பெறுபேற்றுச் சான்றிதழை ஆங்கிலத்தில் பரீட்சைத் திணைக்களத்தின் இணையதளம் வழியாகவே விண்ணப்பித்து எடுக்கலாம். பிரித்தானியாவுக்கு ஆறு மாதத்துக்கு மேல் என்றால் காசநோய்ப் பரிசோதனை கொழும்பில்தான். விரல் அடையாளம் கொடுக்கிற வேலையையும் அதே பயணத்தில் வருகிற மாதிரி திகதி எடுத்தால் இரண்டு தடவை அலைய வேண்டியதில்லை. பிள்ளைக்கு 18 வயது ஆகவில்லை என்றால், அங்கே யார் பொறுப்பு, எங்கே தங்குவது என்பதற்குத் தனி ஏற்பாடும் பெற்றோர் சம்மதமும் கேட்பார்கள், அதற்கு நேரம் ஒதுக்குங்கள்.

அவுஸ்திரேலிய விசா விண்ணப்பத்தில் 2024 மார்ச்சிலிருந்து உண்மையான மாணவர்தானா என்று பார்க்கச் சில கேள்விகள் இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் 150 சொற்களுக்குள் பதில். அதை ஏஜென்ட் எழுதிக் கொடுத்ததை ஒட்டாதீர்கள். ஏன் இந்தப் படிப்பு, ஏன் இந்த இடம், முடித்துவிட்டு என்ன செய்வாய் என்பதைப் பிள்ளையே முதலில் தமிழில் யோசித்து, பிறகு தன் ஆங்கிலத்தில் எழுதட்டும்.

ஆங்கிலமும் அங்கே போய்ப் படிக்கிற முறையும்

பாத்வேக்குக் கேட்கிற ஐஈஎல்டிஎஸ் ஆங்கிலப் பரீட்சைப் புள்ளி பட்டப்படிப்புக்குக் கேட்பதை விடக் குறைவு. அவுஸ்திரேலிய விசா விதிப்படி ஆங்கிலமும் சேர்த்துக் கற்பிக்கிற பவுண்டேஷன் என்றால் 5.5, பட்டப்படிப்புக்கு நேரடியாக என்றால் 6.0, கொலிஜ் அதற்கு மேலும் கேட்கலாம். பிரித்தானிய பவுண்டேஷனுக்கு விசாத் தேவைக்காக அங்கீகரிக்கப்பட்ட ஐஈஎல்டிஎஸ் ஃபோர் யுகேவிஐ தேவைப்படும். சாதாரண ஐஈஎல்டிஎஸ்ஸுக்குக் காசு கட்டிவிட்டு முழிக்காமல், எது வேண்டும் என்று கேட்டுவிட்டுப் பதியுங்கள்.

புள்ளி எடுப்பது ஒரு பக்கம். இங்கே ஏ.எல். வரைக்கும் தமிழில் படித்த பிள்ளைக்கு ஆர்முடுகல், உந்தம், தொகையீடு எல்லாம் தலைகீழாகத் தெரியும், விரிவுரையில் அதே விஷயம் ஆங்கிலத்தில் வேகமாகப் போகும்போது முதல் ஒரு மாதம் திணறும். போவதற்கு முன் இருக்கிற மாதங்களில் அந்தப் பாடத்தையே ஆங்கிலப் புத்தகத்தில் திரும்ப ஒருமுறை வாசிப்பதுதான் சிறந்த தயாரிப்பு. புதிதாக எதையும் படிக்கத் தேவையில்லை, தெரிந்ததை ஆங்கிலத்தில் படித்தால் மொழி மட்டும்தான் புதிது, பயம் வராது.

இன்னொரு பழக்கமும் மாற வேண்டும். இங்கே ரியூஷன், பேப்பர் கிளாஸ், கடந்தகால வினாத்தாள், கடைசியில் ஒரே பெரிய பரீட்சை. அங்கே புள்ளி முதல் தவணையிலிருந்தே சேரும்: சிறு கட்டுரை, குழு வேலை, முன்னால் நின்று பேசுவது, இடைப் பரீட்சை. "கடைசியில் பிடித்துவிடலாம்" என்று இருந்த கெட்டிக்காரப் பிள்ளைகள் மூன்றாம் மாதத்திலேயே சராசரி இறங்கி நிற்பார்கள், அந்தச் சராசரியைத்தான் பல்கலைக்கழகம் கேட்கிறது. கட்டுரையில் புத்தகத்திலிருந்தோ இணையத்திலிருந்தோ எடுத்ததை எடுத்த இடம் சொல்லாமல் எழுதினால் திருட்டு என்று எடுத்துக்கொள்வார்கள். நோட்ஸை மனப்பாடம் செய்து அப்படியே எழுதி ஏ எடுத்த பிள்ளைக்கு இது முதலில் புரியாது. மேற்கோள் காட்டுவதை முதல் வாரமே ஆசிரியரிடம் கேட்டுப் பழகட்டும். விரிவுரை முடிந்ததும் ஆசிரியரிடம் போய்க் கேட்பது அங்கே மரியாதைக் குறைவு இல்லை. வருகையையும் எண்ணுவார்கள், அது விசாவோடு சம்பந்தப்பட்ட விஷயம், மழை குளிர் என்று படுத்துக்கொள்ள முடியாது.

நிபந்தனைப் புள்ளிக்குக் கீழே போகிற மாதிரி தெரிந்தால் பெறுபேறு வரும் வரை மறைத்துக்கொண்டு இருக்கக்கூடாது. வீட்டுக்குச் சொல்லப் பயந்து தனியாகத் தவிக்கிற பிள்ளைகள்தான் கடைசியில் அதிகம் இழக்கிறார்கள், ஆகவே பெற்றோரே "புள்ளி குறைந்தாலும் முதலில் எங்களுக்குச் சொல்லு" என்று போகும்போதே சொல்லி அனுப்புங்கள். ஒவ்வொரு கொலிஜிலும் மாணவர் ஆலோசகர் ஒருவர் இருப்பார். அவரிடம் தவணை முடிவதற்கு முன்பே போய், எந்தப் பாடத்தைத் திரும்ப எழுதலாம், அதே பல்கலைக்கழகத்தில் குறைந்த புள்ளி கேட்கிற பக்கத்துப் பட்டப்படிப்பு எது, இந்த பவுண்டேஷனை வேறு எந்தப் பல்கலைக்கழகம் ஏற்கும் என்று மூன்றையும் கேட்க வேண்டும். படிப்பு மாறினால் விசாவுக்கு என்ன ஆகும் என்பதையும் அன்றைக்கே கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ளட்டும்.